கேட்டு வருபவரின் பக்கம்: தமிழ்நாட்டில் மனநல விளம்பரமும் சட்டமும் (1954–2023)

பழைய தமிழ் வார இதழ்களின் கடைசிப் பக்கங்களில் ஒன்றைப்போலவே மற்றொன்று இருக்கும் சிறு கட்டங்கள் நிறைய உண்டு. நரம்புத் தளர்ச்சி, தூக்கமின்மை, ஞாபகமறதி, காரணம் தெரியாத பயம், இளமைத் தவறுகளால் வந்த சோர்வு என்று ஒரு பட்டியல் இருக்கும். எல்லாவற்றுக்கும் ஒரே லேகியம். பரம்பரை வைத்தியர் எந்தத் தேதியில் எந்த ஊரில் எந்த லாட்ஜில் தங்குவார் என்ற சுற்றுப்பயண விவரம் அதன் கீழே வரும். கடிதங்கள் ரகசியமாக வைக்கப்படும், மருந்து வி.பி.பி.யில், அதாவது தபால்காரரிடம் பணம் கட்டி வாங்கும் முறையில், வந்துசேரும் என்ற உறுதிமொழியும் இருக்கும். மனநல மருத்துவரை நேரில் பார்த்தேயிராத எத்தனையோ பேர் தங்கள் வேதனைக்கு ஒரு பெயரையும் ஒரு விலாசத்தையும் முதலில் கண்டது இந்தக் கட்டங்களில்தான். மனநல சேவை விளம்பரத்தின் வரலாற்றை இங்கிருந்து தொடங்குவதே பொருத்தம்.

இந்தியச் சட்டம் கடந்த எழுபது ஆண்டுகளில் விளம்பரத்தின் வாசகத்தையும் விளம்பரம் கொடுப்பவரின் தகுதியையும் கண்காணித்து வந்திருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு உதவி கேட்டு வருபவருக்கு அதன்பின் என்ன நேர்கிறது என்பதை மிகத் தாமதமாகத்தான் கவனித்தது. இன்றும் முழுதாகக் கவனிக்கவில்லை. இந்த இடைவெளி எப்படி உருவானது, யார் அதில் நுழைந்தார்கள் என்பதையே இக்கட்டுரை ஆராய்கிறது.

வாசகத்தைக் கண்காணித்த முதல் பெரிய சட்டம் 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டம். ஆர்.என். சோப்ரா தலைமையிலான மருந்து விசாரணைக் குழு 1930–31லேயே காப்புரிமை மருந்துகளின் பெருக்கத்தைப் பற்றி எச்சரித்திருந்தது. நாடு விடுதலை பெற்ற பிறகுதான் அதற்குச் சட்ட வடிவம் கிடைத்தது. 1955 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அதன் அட்டவணையில் 54 நோய்கள் உள்ளன. அவற்றைக் குணப்படுத்துவதாக எந்த மருந்தையும் விளம்பரப்படுத்தக் கூடாது. புற்றுநோய், காசநோய், நீரிழிவு ஆகியவற்றுடன் மூளைக் கோளாறுகள், வலிப்பு, ஹிஸ்டீரியா, பைத்தியம், நரம்புத் தளர்ச்சி ஆகியவையும் அதில் இடம்பெற்றன. தாயத்து, மந்திரம், கவசம் போன்றவற்றால் நோய் தீரும் என்று விளம்பரம் செய்வதையும் சட்டம் தடுத்தது. முதல் முறை மீறினால் ஆறு மாதம் வரை சிறை.

இந்தப் பட்டியலைத் தயாரித்தவர்களுக்கு நடப்பு நன்றாகத் தெரிந்திருக்கிறது. நரம்புத் தளர்ச்சியைச் சேர்த்ததே அதற்குச் சான்று. விந்து வீணாவதால் உடலும் மனமும் தளர்ந்துபோகும் என்ற அச்சத்தோடு மருத்துவமனைக்கு வந்த இளைஞர்களின் நிலையை, 1960இல் மனநல மருத்துவர் என்.என். விக் ‘தாது’ நோய்க்குறித் தொகுதி என்று பெயரிட்டு வகைப்படுத்தினார். அந்த அச்சம் மரபில் ஏற்கெனவே இருந்ததுதான். ஆனால் வாரம் தவறாமல் அதை அச்சிட்டு வீட்டுக்கே கொண்டுவந்தவை விளம்பரங்கள். நோயை முதலில் நம்பவைத்துவிட்டு, பிறகு மருந்தை விற்கும் முறை அது.

விளம்பரம் கொடுத்தவர்கள் சும்மா இருக்கவில்லை. ஹம்தார்த் தவாகானா என்ற மருந்து நிறுவனத்தின் வழக்கில் அவர்கள் பேச்சுரிமையைக் காட்டி வாதாடினார்கள். தடைசெய்யப்பட்ட மருந்துகளை விற்பதற்கான வணிக விளம்பரம், அரசமைப்பு காக்கும் கருத்துரிமைக்குள் வராது என்று உச்ச நீதிமன்றம் 1959 டிசம்பரில் தீர்ப்பளித்தது. சட்டத்தின் சில பகுதிகளை நீதிமன்றம் செல்லாதென அறிவித்தாலும் அடிப்படை நிலைத்தது. 1995இல் டாடா பிரஸ் வழக்கில் வணிக விளம்பரத்துக்கும் கருத்துரிமைப் பாதுகாப்பு உண்டு என்று நீதிமன்றம் ஏற்றபோதும், பொய்யான, ஏமாற்றும் விளம்பரங்களைத் தடுக்கும் அதிகாரம் அரசிடமே இருந்தது.

ஆனாலும் லாட்ஜ் வைத்தியர்கள் மறையவில்லை. அச்சிலிருந்து உள்ளூர்த் தொலைக்காட்சிக்கு மாறினார்கள், அவ்வளவுதான். அமலாக்கம் பலவீனம் என்பது ஒரு காரணம். அதைவிட ஆழமான காரணம் சட்டத்தின் கட்டமைப்பிலேயே இருக்கிறது. 1954 சட்டம் பேசுவது மருந்தையும் மாயத் தீர்வையும் பற்றி. மருத்துவமனைப் படுக்கை மருந்தல்ல. ஒரு மணி நேரக் கவுன்சலிங் மருந்தல்ல. மறுவாழ்வு மையத்தில் மூன்று மாதத் தங்கல் மாயத் தீர்வுமல்ல. பிற்காலத்தில் மனநலச் சந்தையாக விரிந்த எல்லாமே இந்தச் சட்டத்தின் வரம்புக்கு வெளியே வளர்ந்தன.

அலோபதி மருத்துவர்களின் பக்கத்தில் கட்டுப்பாடு வேறு மாதிரி இருந்தது. நாளிதழில் முன்பு நான்கு வரி அறிவிப்புகள் வரும்: டாக்டர் இன்னார் வெளிநாட்டிலிருந்து திரும்பிவிட்டார், வழக்கம்போல் நோயாளிகளைப் பார்ப்பார். அந்த வறண்ட நடைக்குத் தொழில் நெறியே காரணம். இந்திய மருத்துவ கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள், நோயாளிகளை நேரடியாகவோ மறைமுகமாகவோ அழைப்பதை ஒழுக்கக்கேடு என்றன. தொழில் தொடங்கியது, முகவரி மாறியது, விடுப்பில் சென்றது, திரும்பியது, கட்டணம் இவ்வளவு என்பது போன்ற சில செய்திகளை மட்டுமே பத்திரிகையில் அறிவிக்கலாம். பெயர்ப்பலகைகூட வழக்கத்துக்கு மீறிப் பெரிதாக இருக்கக் கூடாது. நோயாளியை அனுப்பிவைப்பதற்குக் கமிஷன் வாங்குவதும் கொடுப்பதும் குற்றம்.

நல்ல விதிகள்தாம். ஆனால் இவை பதிவுபெற்ற மருத்துவரை மட்டுமே கட்டுப்படுத்தின. நெறியுள்ளவர் வாய்மூடி இருக்க, நெறியில்லாதவர் சுவரெல்லாம் சுவரொட்டி ஒட்டினார். 1794இல் சென்னையில் வேர்விட்டுப் பின்னர் கீழ்ப்பாக்கத்தில் நிலைகொண்ட அரசு மனநல மருத்துவமனை, எங்கள் கதவு திறந்திருக்கிறது என்று ஒருபோதும் பெரிதாகச் சொன்னதில்லை. அதைப் பற்றி ஊரில் பரவியதெல்லாம் ‘கீழ்ப்பாக்கம் கேஸ்’ என்ற வசவுதான். திரைப்பட நகைச்சுவை அதைத் தமிழகம் முழுக்கக் கொண்டுபோனது. தன் பிள்ளையைக் கைத்தாங்கலாக அங்கே அழைத்துப்போக நினைத்த ஒரு தாயின் மனதில் இந்தச் சொல் எத்தனை நாள் தயக்கத்தை விதைத்திருக்கும்!

அந்தத் தயக்கம் அழைத்துச் சென்ற இடங்களுள் ஒன்று ஏர்வாடி. ராமநாதபுரம் மாவட்டத்தில் உள்ள அந்த ஊரின் தர்காவுக்கு மதவேறுபாடின்றி மனநோயாளிகளை அழைத்து வருவது நெடுநாள் வழக்கம். அதைச் சுற்றித் தனியார் காப்பகங்கள் முளைத்தன. அவற்றுக்கு விளம்பரம் தேவைப்படவே இல்லை. தர்காவின் பெயரும் வாய்வழிச் செய்தியும் போதுமானவையாக இருந்தன. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 25 பேர் அங்கேயே இறந்தார்கள். பின்னர் பலி 28 ஆனது. 1987ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி உரிமம் பெற்றாக வேண்டிய அத்தகைய இடங்கள் உரிமமின்றி இயங்கி வந்தன. உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது, காப்பகங்கள் மூடப்பட்டன.

ஏர்வாடியைச் சங்கிலியின் கதையாக மட்டுமே நாம் நினைவில் வைத்திருக்கிறோம். இக்கட்டுரையின் நோக்கில் அது வேறொன்றையும் காட்டுகிறது. அங்கே பொய்யான வாசகம் எதுவும் அச்சாகவில்லை. தடுப்பதற்கு ஒரு விளம்பரமே இல்லை. குடும்பத்துக்கு என்ன சிகிச்சை, யார் தருவார்கள், எப்போது திரும்ப அழைத்துப்போகலாம் என்று யாரும் சொல்லவில்லை. கேட்கலாம் என்றும் அவர்களுக்குத் தெரியாது. விளம்பரத்தைத் தடுக்கும் சட்டத்தால் இந்த மௌனத்தை எட்டவே முடியாது.

நோயாளியைப் பொருட்படுத்தாத இதே போக்கு குடிநோய் சிகிச்சையில் இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம் என்று சொல்லும் பொடி விளம்பரங்களைப் பேருந்து நிலையச் சுவர்களில் பார்க்காதவர் குறைவு. அந்த விளம்பரம் நோயாளியிடம் பேசவே இல்லை. அவர் மனைவியிடம் பேசுகிறது. நோயாளியின் சம்மதம் வேண்டாம் என்பதையே வசதியாக விற்கிறது. சில மறுவாழ்வு மையங்கள் இதன் அடுத்த படியை எட்டின: ஒரு போன் செய்தால் வண்டி அனுப்பி, ஆட்களை வைத்துத் தூக்கி வருவோம் என்பதே அவற்றின் சேவை. பணம் கட்டுபவரும் சிகிச்சை பெறுபவரும் வெவ்வேறு நபர்களாக இருக்கும் இந்தத் துறையில், வாடிக்கையாளர் திருப்தி என்ற வணிக அளவுகோல் மிக ஆபத்தானது. கணவனை அடைத்துவைத்ததால் நிம்மதியாகத் தூங்கிய குடும்பம் நன்றி சொல்லும். உள்ளே இருப்பவர் என்ன சொல்கிறார் என்பது அந்தக் கணக்கில் வராது.

இதற்கு நேர்மாறான முன்மாதிரி ஒன்றும் சென்னையிலேயே உருவானது. 1986இல் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய சிநேகா, தற்கொலை எண்ணத்தோடு இருப்பவர்களின் குரலைக் கேட்பதற்கான தன்னார்வ அமைப்பு. கட்டணம் இல்லை, அழைப்பவரின் அந்தரங்கம் காக்கப்படும். குணமாக்குகிறோம் என்ற வாக்குறுதியும் இல்லை; கேட்கிறோம் என்பது மட்டுமே. இன்று தமிழ் நாளிதழில் தற்கொலைச் செய்திகள் பலவற்றின் கீழ் ஒரு சிறு கட்டம் வருகிறது. எதற்கும் தற்கொலை தீர்வாகாது என்ற வாக்கியம், அரசின் 104 உதவி எண், சிநேகாவின் எண், அவ்வளவுதான். என் கணிப்பில் தமிழில் மிக அதிகமாக அச்சான மனநல விளம்பரம் இதுவே. பழைய லேகியக் கட்டத்தின் அளவுதான் இருக்கும். ஆனால் அதில் பயமுறுத்தல் இல்லை, அழைப்பவர் எந்த நேரமும் போனை வைத்துவிடலாம்.

இந்திய பத்திரிகை கவுன்சில் 2019இல் தற்கொலைச் செய்திகளுக்கான வழிகாட்டுதல்களை ஏற்றது. 2022 அக்டோபர் 10 அன்று ஒன்றிய அரசு 14416 என்ற எண்ணில் டெலி-மானஸ் என்ற தொலைபேசி மனநல உதவிச் சேவையைத் தொடங்கியது. அறிவிப்பதே தவறு என்ற பழைய நிலையிலிருந்து, அறிவிக்காமலிருப்பது தவறு என்ற நிலைக்கு நாம் வந்திருக்கிறோம். 2015–16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பு இதற்கான நியாயத்தைத் தந்தது. வயதுவந்தோரில் 10.6 சதவீதம் பேருக்கு ஏதேனும் ஒரு மனநலப் பிரச்சினை இருந்தது. நோயைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சையின்றி இருந்தார்கள்.

2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், கேட்டு வருபவரின் பக்கம் முதன்முறையாகத் திரும்பிப் பார்த்தது. அவருடைய தகவல் ரகசியம், சம்மதமில்லாமல் அவர் புகைப்படத்தையோ விவரத்தையோ ஊடகத்துக்குத் தரக் கூடாது, சங்கிலியிடக் கூடாது, நிறுவனம் பதிவுபெற்றாக வேண்டும். சட்டத்தின் விதிகளை அரசு பரவலாக விளம்பரப்படுத்த வேண்டும் என்பதையும் அது கடமையாக்கியது. ஆயினும் தனியார் நிறுவனம் எப்படி விளம்பரம் செய்யலாம் என்று அந்தச் சட்டம் தனியாக எதுவும் சொல்லவில்லை.

அந்தக் குறையை ஓரளவு நிரப்பியிருக்கக்கூடியவை தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்டில் வெளியிட்ட ஒழுங்குமுறைகள். நோயாளிகளிடம் பாராட்டுரை கேட்கக் கூடாது, அதைச் சமூக ஊடகத்தில் பகிரக் கூடாது, லைக்குகளையும் ஃபாலோயர்களையும் விலைக்கு வாங்கக் கூடாது என்று அவை சொன்னன. அதே மாதத்திலேயே அவை நிறுத்திவைக்கப்பட்டன. மற்ற மருத்துவத் துறைகளில் பாராட்டுரை கேட்பது சிறிய விஷயமாக இருக்கலாம், மனநலத்தில் அப்படியல்ல. முழங்கால் அறுவை சிகிச்சைக்கு ஐந்து நட்சத்திரம் கொடுப்பவர் தன் முழங்காலை மட்டுமே வெளிப்படுத்துகிறார். மனநல மருத்துவருக்கு நட்சத்திரம் கொடுப்பவர், தான் அங்கே போனதை மேலதிகாரிக்கும் சம்பந்தி வீட்டுக்கும் சேர்த்தே அறிவிக்கிறார். சிகிச்சை தொடரும்போது மருத்துவரே கேட்டால், மறுக்க எத்தனை பேருக்கு முடியும்? ஒருவர் குறை எழுதினாலோ, அவர் தன்னிடம் வந்தவர் என்பதை உறுதிப்படுத்தாமல் மருத்துவரால் பதில்கூடச் சொல்ல முடியாது.

கவுன்சலர்களின் நிலை இன்னும் தளர்வானது. மருத்துவ உளவியலாளர்கள் 1992ஆம் ஆண்டு இந்திய மறுவாழ்வு கவுன்சில் சட்டத்தின்கீழ் பதிவு பெறுகிறார்கள். கவுன்சலர் என்று பலகை மாட்டிக்கொள்ள நெடுங்காலம் எந்தப் பதிவும் தேவைப்படவில்லை. 2021ஆம் ஆண்டின் துணைநிலை மற்றும் சுகாதாரப் பராமரிப்புத் தொழில்கள் சட்டம்தான் அவர்களையும் ஒரு பதிவேட்டுக்குள் கொண்டுவர வழிசெய்தது.

இதற்கிடையே வியாபாரத்தின் சரக்கே மாறிவிட்டது. அமெரிக்காவின் பெட்டர்ஹெல்ப் வழக்கு அதை ஆவணத்தோடு காட்டியது. இணையவழி சிகிச்சை தரும் அந்த நிறுவனம், சேர வந்தவர்களிடம் நீண்ட கேள்வித்தாளை நிரப்பச் சொன்னது. பதில்கள் தனிப்பட்டவையாக இருக்கும் என்று உறுதி தந்தது. மின்னஞ்சல் முகவரிகளையும், முன்பு சிகிச்சை பெற்றிருக்கிறீர்களா என்பதற்கான பதிலையும் ஃபேஸ்புக் போன்ற நிறுவனங்களுக்கு விளம்பரத்துக்காகக் கொடுத்தது என்பது கூட்டாட்சி வர்த்தக ஆணையத்தின் குற்றச்சாட்டு. 2023 மார்ச்சில் 78 லட்சம் டாலர் செலுத்த நிறுவனம் ஒப்புக்கொண்டது. அங்கே விளம்பர வாசகம் நோய் தீரும் என்று பொய் சொல்லவில்லை. சிகிச்சையாளர்களும் உரிமம் பெற்றவர்களே. கைமாறியது, ஒருவர் உதவி கேட்டார் என்ற செய்தி.

இந்தியாவில் 2011ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்ப விதிகள் மனநலத் தகவலை நுண்ணுணர்வுள்ள தனிப்பட்ட தரவு என்று தனியே பிரித்திருந்தன. 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அந்தப் பிரிவினையே இல்லை. மனநலப் பதிலும் காலணி அளவும் சட்டத்தின் கண்ணில் ஒரே வகைத் தரவு. குழந்தைகளை இலக்கு வைக்கும் விளம்பரத்தை மட்டும் அது தடுக்கிறது. குழந்தை என்றால் 18 வயது நிறையாதவர். விடுதி அறையில் இரவு இரண்டு மணிக்கு, தூக்கம் வராமல், ஒரு செயலியின் கேள்வித்தாளை நிரப்பும் பத்தொன்பது வயது மாணவிக்குச் சட்டம் தந்திருக்கும் முதல் காவல், ‘சம்மதிக்கிறேன்’ என்ற கட்டத்தில் அவர் போடும் டிக்தான்.