காவலில் வைத்தவன் கடன்

நம் யாழ்ப்பாணத்துப் பெரியோர் சிறையை ‘மறியல்’ என்றே சொல்வர். ஒருவனை மறியலிற் போட்டார்கள் என்றால், தன்னைத் தானே காத்துக்கொள்ளும் வல்லமையை அவன் இழந்தான் என்பதே பொருள். அவனால் ஓடவும் முடியாது. அயலவரைக் கூவி அழைக்கவும் முடியாது. கதவின் திறப்பு வேறொருவர் கையில். அவ்வல்லமையைப் பறித்துக்கொண்ட அரசு அவன் உயிர்க்காவலையும் தன் தலைமேல் ஏற்றுக்கொள்கிறது. அங்ஙனமாயின், மறியலில் இருப்போன் கொலையுண்டால் மறுமொழி சொல்லக் கடமைப்பட்டவர் யாவர்? அடித்தவன் மட்டுமோ? மேலிருந்து ஆண்டவருமோ?

இவ்வினா நமக்குப் புதியதன்று. சேரமான் கணைக்காலிரும்பொறை போரிலே தோற்றுச் சோழன் செங்கணானாற் குடவாயிற் கோட்டத்துச் சிறையில் வைக்கப்பட்டான். தாகத்துக்கு நீர் கேட்டான். காவலர் உடனே கொடாது காலந்தாழ்த்தினர். பின்னர் வந்த நீரை அவன் பருகாது உயிர் துறந்தான் என்று புறநானூற்று 74ஆம் பாட்டின் குறிப்புக் கூறும். (பொய்கையார் களவழி நாற்பது பாடி அவனை மீட்டார் என வேறொரு மரபும் உண்டு.) நீரைத் தாழ்த்தியவர் சிறைக்காவலர், அவர் பெயரை எவரும் அறியார். பழி நின்றது சோழன் பெயரோடு. அச்சோழனே சிவாலயங்கள் பல எடுப்பித்த கோச்செங்கட் சோழ நாயனார் என்பது அறிஞர் பலர் துணிபு. அப்படியிருந்தும், அவன் பத்தியைக் கருதி நம் முன்னோர் அக்குறிப்பை அழித்துவிடவில்லை. அந்த நேர்மையை நாம் பெரிதும் மதிக்கின்றோம்.

இனி, நம் காலத்துக்கு வருவோம். 1983ஆம் ஆண்டு யூலை 23ஆந் திகதி இரவு திருநெல்வேலியில் இராணுவத்தினர் 13 பேர் கொல்லப்பட்டனர். மறுநாள் இரவு கொழும்பிலே தமிழர் மீது வன்செயல் மூண்டது. 25ஆந் திகதி திங்கட்கிழமை, வெலிக்கடைச் சிறையிற் சிங்களக் கைதிகள் திரண்டு தமிழ்க் கைதிகளின் அறைகளுட் புகுந்து 35 பேரைக் கொன்றனர். வல்வெட்டித்துறைக் குட்டிமணியும், தங்கத்துரையும், ஜெகனும் மாண்டது அன்றுதான். 27ஆந் திகதி, எஞ்சியோர் மீது மீண்டும் தாக்குதல் நடந்தது. மேலும் 18 பேர் இறந்தனர். காந்தியம் இயக்கத்து வைத்தியர் இராஜசுந்தரம் அவர்களுள் ஒருவர். ஆக 53 உயிர்கள்.

மாண்டோருள் வழக்கு முடிந்து தண்டனை பெற்றவரும் இருந்தனர். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ் விசாரணையின்றி அடைபட்டவரும் இருந்தனர். அவருட் சிலர் செய்தவை பற்றி நம்மிடையே பல அபிப்பிராயங்கள் இருக்கலாம். அது இங்கே கேள்வியன்று. மரணதண்டனை பெற்றவனாயினும், அத்தண்டனை நிறைவேறும் நாள்வரை அவன் உயிருக்கு அரசே பொறுப்பாளி.

முதல்நாட் கொலையை எதிர்பாராத கலகம் என்று ஒருவர் வாதிக்கக்கூடும். இரண்டாம் நாட் கொலைக்கு அவ்வாதம் எங்ஙனம் பொருந்தும்? நடுவே ஒரு நாள் முழுவதும் இருந்தது. நீதவான் சிறைக்கே வந்து மரண விசாரணை நடத்திவிட்டார். 35 பேர் இறந்த செய்தி மேலிடத்துக்கு எட்டிவிட்டது. சிறைவாயிலில் இராணுவக் காவலும் இருந்தது. பின்னும் 18 பேர் மாண்டனர். 27ஆந் திகதி படையினர் உள்ளே வந்து கண்ணீர்ப்புகை வீசிய பின்னரே எஞ்சியோர் தப்பினர். முதல்நாளே அது முடியாமற் போனதேன்?

சிறைச்சாலைகள் அப்போது நீதி அமைச்சின் கீழ் இருந்தன. அமைச்சர் நிசங்க விஜேரத்ன. படைகள் சனாதிபதி ஜே. ஆர். ஜெயவர்த்தனவின் கீழ் இருந்தன. ஜெயவர்த்தன 28ஆந் திகதி நாட்டு மக்களுக்கு உரையாற்றினார். பாதிக்கப்பட்ட தமிழருக்கு ஓர் அநுதாபச் சொல்லும் அவ்வுரையில் இல்லை. நீதவான் இவை கொலைகளே எனத் தீர்ப்புரைத்தும் எவர்மீதும் வழக்கு எழவில்லை. அமைச்சர் எவரும் பதவி துறக்கவுமில்லை. தலைவன் கையாற் கொன்றானா என்பது சட்டத்தில் ஒரு வினா. அறிந்தும், தடுக்க வல்லவனாயிருந்தும், ஏன் தடுக்கவில்லை என்பது அதனினும் பெரிய வினா. 2023 சனவரியில் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பு வழக்கில், கடமை தவறியதற்காக முன்னாட் சனாதிபதி ஒருவரையே 10 கோடி ரூபா நட்டஈடு செலுத்துமாறு இலங்கை உச்ச நீதிமன்றம் பணித்தது. 1983இல் அத்தகைய கேள்வியை நீதிமன்றம் எதுவும் கேட்கவில்லை.

2001இல் சனாதிபதி ஆணைக்குழு ஒன்று அமைந்தது. 2004இல் சனாதிபதி சந்திரிகா குமாரதுங்க 1983 வன்செயலுக்காகப் பகிரங்க மன்னிப்புக் கேட்டார். இருபத்தோராண்டு கழித்தாயினும் அது நல்ல செயலே. இடையில், 2000 ஒக்டோபரிற் பிந்துனுவெவ முகாமிலே தடுத்து வைக்கப்பட்டிருந்த தமிழ் இளைஞர் இருபதின்மருக்கு மேற்பட்டோர் கொலையுண்டனர். தண்டிக்கப்பட்டோரை 2005இல் உச்ச நீதிமன்றம் விடுவித்தது.

ஆயின் வெலிக்கடையிலேயே 2012 நவம்பரில் 27 கைதிகள் இறந்தபோது வழக்கு நடந்தது. 2022 சனவரியிற் கொழும்பு மேல் நீதிமன்றம் சிறைத்துறை உயரதிகாரி ஒருவரைக் குற்றவாளி எனக் கண்டு மரணதண்டனை விதித்தது. மரணதண்டனையை நாம் விரும்புவோமல்லோம். எனினும் கீழ்க்காவலனோடு நில்லாமல் மேலதிகாரிவரை சட்டத்தின் கை எட்டியது கவனிக்கத் தக்கது.

குட்டிமணியின் கண்களைப் பற்றி ஊரெங்கும் ஒரு கதை வழங்குகிறது. வழக்குக்கு அக்கதை வேண்டியதில்லை; 53 என்ற எண்ணும், இடையே கழிந்த அந்த ஒரு நாளும் போதும். அன்று மகனைப் பார்க்க வெலிக்கடைக்கு ரயிலேறிப் போன தாய்மார் சிலர் வடமராட்சியில் இன்னும் இருக்கலாம். சங்கத்து வாலிபர்கள் அவர்களிடம் சென்று, கண்டதைக் கண்டதென்றும் கேட்டதைக் கேட்டதென்றும் பிரித்து, திகதியிட்டு எழுதி வைப்பார்களாக. எழுதப்பட்டவற்றை அடுத்த மலரில் வெளியிட நாம் ஆயத்தமாயிருக்கின்றோம்.