ஆர்.எக்ஸ் 100 வாங்கப் போறீங்களா? முதல்ல வண்டியோட ஜாதகத்தைப் பாருங்க!

ஞாயித்துக்கிழமை ஜேடர்பாளையம் படுகை அணைப் பக்கம் போயிருக்கீங்களா? காவிரிக் குளியல், பூங்கா, பொரிச்ச மீன்னு கூட்டம் அள்ளும். அந்தக் கூட்டத்துக்கு நடுவுல ஒரு டூ ஸ்ட்ரோக் சத்தம் கேட்டா, எல்லாத் தலையும் திரும்பும். யமஹா ஆர்.எக்ஸ் 100! அதன் தயாரிப்பு நின்னது 1996-ல். இன்னிக்கு அதை முறுக்குற பசங்கள்ல பாதிப்பேர் அப்போ பொறந்தே இருக்க மாட்டாங்க.

நல்லா ரெஸ்டோர் பண்ணின வண்டி இன்னிக்கு லட்சத்தைத் தாண்டி விலை பேசுது. பிரச்னை அங்கேதான் ஆரம்பிக்குது. டேங்க்ல 'ஆர்.எக்ஸ் 100'னு ஸ்டிக்கர் இருக்கிறதெல்லாம் ஆர்.எக்ஸ் 100 கிடையாது.

வெளிநாட்டுல பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் காரை ரெஸ்டோர் பண்றவங்க பெயின்ட்டை அப்புறம்தான் பார்ப்பாங்க. டட்சன் 240இசட் காரா? சேஸிஸ் நம்பர் 'எச்.எல்.எஸ்.30'னு தொடங்குதா, பின்கதவுல காற்றுத் துளைகள் இருக்கா (ஆரம்பகால வண்டிகள்ல மட்டும் அது உண்டு) என்றெல்லாம் துருவுவாங்க. நம்ம ஊர்ல ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார் கிடைக்கலை. ஆனா அந்த வெறிக்குத் தீனி போட ஜப்பான் பைக்குகள் கிடைச்சது. யமஹாவின் தொழில்நுட்பத்தோட எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1983-ல் ராஜ்தூத் 350-ஐயும், 1985-ல் ஆர்.எக்ஸ் 100-ஐயும் இறக்குச்சு. ராஜ்தூத் 350-லயே ஹை டார்க், லோ டார்க்னு ரெண்டு வகை உண்டு. அது பெரிய கதை. இன்னொரு நாள் பேசலாம்.

ஒரே குடும்பம், வேற வேற பிள்ளைங்க

ஆர்.எக்ஸ் 100-க்கு 98 சிசி இன்ஜின், 4 கியர், 11 குதிரைத்திறன். எடை வெறும் 103 கிலோ. அந்தப் பாய்ச்சலோட ரகசியமே இந்த எடைதான். அதுக்குப் பிறகு ஆர்.எக்ஸ்.ஜி., ஆர்.எக்ஸ் 135, ஆர்.எக்ஸ்.இசட்னு தம்பிங்க வந்தாங்க. இவங்க எல்லாம் 132 சிசி. ஆர்.எக்ஸ் 135-ல 4 கியர், 5 கியர் ரெண்டும் உண்டு. இதெல்லாம் மோசமான வண்டியே இல்லை. சொல்லப்போனா 5 கியர் 135 நெடுஞ்சாலையில இன்னும் சுகமா ஓடும். ஆனா அதுக்கு 100-ன் டேங்க்கும் பக்கவாட்டு மூடியும் மாட்டி, 100-ன் விலைக்கு உங்க தலையில கட்டினா அது ஏமாத்து.

எப்படிக் கண்டுபிடிக்கிறது? முதல்ல கியரைப் போட்டுப் பாருங்க. அஞ்சாவது விழுந்தா கதை முடிஞ்சுது. அடுத்து நம்பர். ஆர்.எக்ஸ் 100-ன் இன்ஜின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் '1எல்1'னு தொடங்கும். சேஸிஸ் நம்பர் ஹேண்டில்பார் திரும்புற கழுத்துக் குழாய்ல குத்தியிருக்கும். அந்த இடத்துல மட்டும் பெயின்ட் தடிமனாவோ, உப்புத்தாள் தேய்ச்ச தடமோ இருந்தா, திருட்டு வண்டிக்கு நம்பர் மாத்திக் குத்தியிருக்காங்களோன்னு சந்தேகப்படுங்க. விலை எவ்வளவு மலிவா இருந்தாலும் சாவியைத் திருப்பிக் கொடுத்துட்டு வந்துடுங்க.

நம்பர் பிளேட்டும் பேசும். இப்போ நாம பார்க்கிற 'டிஎன்' வரிசை 1989-க்குப் பிறகுதான் வந்தது. "86 மாடல் தம்பி, ஃபர்ஸ்ட் ஓனர்"னு ஒருத்தர் சொல்லி, பிளேட்ல 'டிஎன் 28' இருந்தா, ஏன்னு கேளுங்க. மறுபதிவு செஞ்சிருக்கலாம், தப்பில்லை. அதுக்கான பேப்பர் இருக்கணும்.

கடைசிச் சோதனை, இன்ஜின் ஹெட்டைக் கழட்டினாத்தான் தெரியும். ஆர்.எக்ஸ் 100-ன் போர் 50 மி.மீ., ஸ்ட்ரோக்கும் 50 மி.மீ. '50-க்கு 50'னு ஞாபகம் வெச்சுக்கோங்க. 135-ல ஸ்ட்ரோக் அதேதான், போர் மட்டும் 58. வெர்னியரை வெச்சு அளந்தா அரை நிமிஷத்துல உண்மை வெளிய வந்துடும். 100 வண்டியில 135 பிளாக்கை ஏத்துறவங்களும் இருக்காங்க. ஆர்.சி.யில 98 சிசினு இருக்க, இன்ஜின் 132 ஆகிட்டா, மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி அது அனுமதியில்லாத மாற்றம். விபத்து நடந்தா இன்ஷூரன்ஸ்காரங்க கையை விரிக்க அதுவே ஒரு சாக்காகிடும்.

பட்டறைக்குள்ள

நாமக்கல் லாரி பாடி கட்டுற ஊர், திருச்செங்கோடு ரிக் வண்டி ஊர். நல்ல லேத் பட்டறைக்கு இங்க பஞ்சமே இல்லை. ரீபோர் பண்றப்போ வழக்கமா கால் மி.மீ. கணக்குல பெருசாக்கிட்டே போவாங்க. ஏற்கெனவே எத்தனை தடவை போட்டிருக்குனு பிஸ்டன் தலையில பாருங்க. 25, 50, 75, 100-னு எண் குத்தியிருக்கும். 100-ஐப் பார்த்தா, அடுத்த செலவு புது ஸ்லீவ்தான்னு கணக்குப் போட்டுக்கோங்க.

நாள்கணக்குல சும்மா நின்ன வண்டியில கிராங்க் ஆயில் சீல் காய்ஞ்சு வெடிச்சிருக்கும். மேக்னெட் பக்கம் போனா காத்து உள்ள இழுத்து, கலவை மெலிஞ்சு, ஓடுற ஓட்டத்துல பிஸ்டன் சீஸ் ஆகும். கிளட்ச் பக்கம் போனா கியர் ஆயிலை உறிஞ்சி, வெள்ளைப் புகையா கக்கும். பெயின்ட் வேலைக்கு ஆயிரக்கணக்குல கொடுக்கிற நாம, சீலுக்கு யோசிப்போம்!

2டி ஆயில் பம்ப்பைக் கழட்டி எறிஞ்சுட்டு, பெட்ரோல்லயே ஆயில் கலந்து ஓட்டுற பழக்கம் நிறைய பேருக்கு உண்டு. ஒரிஜினல் வேணும்னா பம்ப் இருக்கான்னு பாருங்க. இப்போ வர்றது எத்தனால் கலந்த பெட்ரோல். 35 வருஷ ரப்பருக்கு அது ஆகாது. டியூப், ஓ ரிங் எல்லாம் புதுசு போட்டுடுங்க. சைலன்ஸர் உள்குழாயைக் கழட்டிக் கார்பனைச் சுத்தம் பண்ணுங்க. சத்தத்துக்காக அதை எடுத்துட்டு ஓட்டினா ஃபைன்தான்.

பேப்பர் வேலை பெயின்ட் வேலையைவிட இழுக்கும். சொந்த வண்டியின் ஆர்.சி. 15 வருஷத்துக்குத்தான். அப்புறம் அஞ்சு வருஷத்துக்கு ஒருமுறை வண்டியைக் காட்டிப் புதுப்பிக்கணும், பசுமை வரியும் உண்டு. அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடி எம்பரிவாஹன் ஆப்ல நம்பரைத் தட்டிப் பாருங்க. பழைய பதிவுகள் சிலது கம்ப்யூட்டர்ல ஏறியே இருக்காது. அப்போ ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் பழைய உரிமையாளரையும் கூட்டிட்டுப் போறது நல்லது. 'விண்டேஜ்'னு பதிவு பண்ணிக்கலாமேனு கேட்காதீங்க. 2021 விதிப்படி அதுக்கு வண்டி 50 வயசைத் தாண்டணும். முதல் ஆர்.எக்ஸ் 100-க்கே 2035 வரைக்கும் பொறுக்கணும்.

எல்லாம் முடிஞ்சு ரீபோர் வண்டியை எடுத்துட்டீங்களா? முதல் 500 கிலோமீட்டர் முறுக்காதீங்க. ஜேடர்பாளையத்துல இருந்து ராஜவாய்க்கால் பக்கமா, வாழைத்தோப்பையும் வெத்தலைக் கொடிக்காலையும் பார்த்துக்கிட்டே நிதானமா ஓட்டுங்க. பரமத்திவேலூர்ல ஒரு டீ குடிச்சு, இன்ஜினை ஆறவிட்டுத் திரும்புங்க.