பெருவிளை வேம்படியில்

நட்டாலத்து நீலகண்ட பிள்ளை திருவிதாங்கூர் அரண்மனை அலுவலர். கால்நடைகளும் பயிரும் அழிந்து அவர் மனம் நொந்திருந்த வேளையில், 1741-இல் குளச்சல் போரில் சிறைப்பட்டுப் பின் மன்னரின் படையையே பயிற்றுவித்த டச்சுப் படையைச் சேர்ந்த டிலனாய் யோபுவின் வரலாற்றை எடுத்துரைத்தார். யோபு இறைவனிடம் நீதி கேட்டு வழக்காடியவர். முடிவிலோ தம்மைப் பழித்த நண்பர்களுக்காகவே மன்றாடியவர். இப்பிற்பகுதியை நாம் அதிகம் நினைப்பதில்லை. சொத்து வழக்கில் உடன்பிறந்தான் தோற்கவேண்டுமென மெழுகுதிரி ஏற்றுகிறவர்கள் அல்லவா நாம்!

1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் பரஞ்சோதிநாதர் சுவாமிகளிடம் திருமுழுக்குப் பெற்று அவர் தேவசகாயமானார். 1749-இல், தாம் உண்மையாய் உழைத்த அரண்மனையே அவரைத் துரோகி என்று சிறையிலிட்டது. எருமைமீது பின்னோக்கி அமர்த்தி ஊர்தோறும் இழுத்துச் சென்றனர். கசையடிப் புண்களில் மிளகுப்பொடி தேய்த்தனர். 1752 ஜனவரி 14 இரவு ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றனர். உடல் கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் துயில்கிறது. 2022 மே 15 அன்று திருஅவை அவரைப் புனிதராக அறிவித்தது.

அதற்கு முன்பே, நம் பாட்டிமார் பெருவிளையை மறவாமல் சொல்லி வந்தனர். அங்கே வேப்பமரத்தில் கட்டுண்டு கிடந்தவர், தம்மை வதைக்க வந்த பிள்ளையில்லாத சேவகனுக்காக வேண்டிக்கொண்டாராம். அவன் வீட்டில் தொட்டில் ஆடியதாம்.