காணொளிக் கோப்புகளை வட்டுக்கு மாற்றுதல்

காணொளிக் கோப்புகளை வட்டுக்கு மாற்றுதல் என்பது, கணினியில் உள்ள காணொளியைத் தொலைக்காட்சியுடன் இணைக்கப்படும் விசிடி அல்லது டிவிடி பிளேயரில் ஓடும் வடிவத்திற்கு மறுகுறியாக்கம் செய்து வட்டில் எழுதும் முறையாகும். 2000களின் முற்பகுதியில் இது வீட்டுக் கணினிகளில் பரவலாகச் செய்யப்பட்டது.

தேவை எழுந்த காரணம்

பிலிப்ஸ், சோனி, மட்சுசிட்டா, ஜேவிசி ஆகிய நிறுவனங்கள் 1993இல் விசிடிக்கான தரத்தை வகுத்தன. அதன்படி படம் எம்பெக்-1 முறையில், விநாடிக்கு 1150 கிலோபிட் வீதத்தில் இருக்க வேண்டும். இந்தியாவிலும் இலங்கையிலும் வழங்கிய பால் ஒளிபரப்பு முறையில் அதன் அளவு 352×288 படப்புள்ளிகள். ஒரு வட்டில் 74 நிமிடங்களே அடங்கியதால் ஒரு திரைப்படத்திற்கு இரண்டு அல்லது மூன்று வட்டுகள் தேவைப்பட்டன. 1996இல் சப்பானில் விற்பனைக்கு வந்த டிவிடி, எம்பெக்-2 முறையில் 720×576 படப்புள்ளிகள் வரை காட்டியது.

இந்தப் பிளேயர்களில் இருந்த சில்லுகள் குறிப்பிட்ட வடிவங்களை மட்டுமே அறிந்திருந்தன. கணினியைப் போலப் புதிய மென்பொருளை நிறுவிக்கொள்ள அவற்றால் இயலாது. இதனிடையே பிரான்சைச் சேர்ந்த ஜெரோம் ரோட்டா, மைக்ரோசாப்டின் எம்பெக்-4 குறிமுறையை மாற்றியமைத்து டிவ்எக்சை உருவாக்கினார். அதனால் முழுத் திரைப்படமும் ஒரே குறுவட்டின் கொள்ளளவுக்குள் அடங்கியது. ஆனால் அந்தக் கோப்பு கணினியில் மட்டுமே ஓடியது. தொலைக்காட்சியில் பார்க்க விரும்பியவர்கள் அதை மாற்றவேண்டியதாயிற்று.

செயல்முறை

முதலில் ஒளிபரப்பு முறைக்கு ஏற்பப் படச்சட்டங்களின் அளவும் வேகமும் சரிசெய்யப்படும். விநாடிக்கு 24 சட்டங்கள் கொண்ட திரைப்படத்தைப் பால் முறையின் 25 சட்டங்களுக்கு விரைவுபடுத்தினால், 120 நிமிடப் படம் 115 நிமிடங்களாகச் சுருங்கும். அடுத்து பிட்வீதம் கணக்கிடப்படும். 4.7 கிகாபைட்டு டிவிடியில் இரண்டு மணி நேரப் படத்தை அடக்க, படமும் ஒலியும் சேர்ந்து விநாடிக்குச் சுமார் 5.2 மெகாபிட்டைத் தாண்டக்கூடாது. பின்னர் கோப்பு குறியாக்கம் செய்யப்பட்டு, உரிய கோப்புறை அமைப்புடன் வட்டில் எழுதப்படும். டிஎம்பிஜிஎன்க் போன்ற மென்பொருள்கள் குறியாக்கத்திற்குப் பயன்பட்டன. அக்காலக் கணினிகளில் ஒரு படத்தை மாற்றப் பல மணி நேரம் ஆகும்.

திருட்டு வட்டுகள்

இதே வசதி திரைப்படங்களைத் திருட்டுத்தனமாகப் படியெடுக்கவும் உதவியது. தமிழ்நாடு அரசு 2004இல் குண்டர் தடுப்புச் சட்டத்தைத் திருத்தி, திருட்டு விசிடி தயாரிப்போரையும் அதன் கீழ்க் கொண்டுவந்தது.

தர இழப்பும் பாதுகாப்பும்

ஒவ்வொரு மறுகுறியாக்கத்திலும் படத்தின் நுண்விவரங்களில் ஒரு பகுதி நீக்கப்படுகிறது. விசிடிக்காகச் சுருக்கப்பட்ட படத்தைப் பின்னர் டிவிடிக்கு மாற்றினாலும் அவை திரும்பக் கிடைப்பதில்லை. படப்புள்ளிகளின் எண்ணிக்கை மட்டுமே கூடும்.

டிவ்எக்ஸ் கோப்புகளை நேரடியாக ஓட்டும் பிளேயர்களும், யூஎஸ்பி வசதி கொண்ட கருவிகளும் வந்தபின் இந்த மாற்றத்திற்கான தேவை குறைந்தது. எனினும் அக்காலத் திருமணங்களும் குடும்ப நிகழ்வுகளும் பல வீடுகளில் வட்டுகளாகவே எஞ்சியுள்ளன. மூலப் பதிவு அழிக்கப்பட்ட இடங்களில், தரம் குறைந்த அந்த வட்டே ஒரே பிரதி. எழுதத்தக்க வட்டுகளின் கரிமச் சாயப்படலம் வெப்பத்திலும் வெளிச்சத்திலும் சிதைகிறது. எனவே இன்று எதிர்த்திசையில், வட்டிலிருந்து கோப்புக்கு மாற்றும் பணி நடைபெறுகிறது. அப்போது மறுகுறியாக்கம் செய்யாமல் வட்டிலுள்ளதை அப்படியே படியெடுப்பதே மேலும் இழப்பின்றிக் காக்கும் வழியாகும்.