எண்ணூர் எல்.என்.ஜி டேங்குக்கு சாதாரண இரும்பு ஏன் ஆகாது? கார்பன் ஸ்டீலுக்கும் நிக்கல் அலாய்க்கும் என்ன வித்தியாசம்?

ராயபுரம் தொடங்கி திருவொற்றியூர், எண்ணூர் வரை எங்கே திரும்பினாலும் கிரேன், கன்டெய்னர், குழாய், டேங்க்தான். இவற்றில் பெரும்பாலானவை கார்பன் ஸ்டீல். ஆனால் காமராஜர் துறைமுகத்தில் 2019-ல் செயல்பாட்டுக்கு வந்த இந்தியன் ஆயிலின் எல்.என்.ஜி முனையத்துக்கு அது மட்டும் போதாது. ஏன்?

எது என்ன?

இரும்போடு கொஞ்சம் கார்பன் சேர்ந்தால் கார்பன் ஸ்டீல். குழாய்களுக்கான ரகங்களில் கார்பன் பொதுவாக 0.3 சதவீதத்துக்குள் இருக்கும். விலை குறைவு, வெல்டிங் சுலபம்.

நிக்கல் அலாயில் நிக்கல்தான் பெரும்பங்கு. குரோமியம், மாலிப்டினம், செம்பு போன்றவை சேர்க்கப்படும். இரண்டுக்கும் நடுவில் இருப்பது நிக்கல் ஸ்டீல். அதாவது, இரும்பில் 3.5 அல்லது 9 சதவீதம் நிக்கல்.

உப்புக்காற்று என்ன செய்யும்?

கார்பன் ஸ்டீலில் துரு உதிர உதிர, உள்ளே இருக்கும் இரும்பும் அரிக்கும். அதனால்தான் பெயின்ட், மேற்பூச்சு எல்லாம். குரோமியம் கலந்த நிக்கல் அலாயில் கண்ணுக்குத் தெரியாத படலம் உருவாகும். கீறல் விழுந்தாலும் அதுவே மூடிக்கொள்ளும்.

ஆனால் ஒரு சிக்கல் இருக்கு. கடல்நீரில் இரண்டையும் நேரடியாக இணைத்தால், கார்பன் ஸ்டீல் இன்னும் வேகமாக அரிக்கும்.

குளிர்தான் பெரிய சோதனை

எல்.என்.ஜி-யின் வெப்பநிலை மைனஸ் 162 டிகிரி செல்சியஸ். சாதாரண கார்பன் ஸ்டீல் குழாய்களுக்குப் பொதுவான வரம்பு மைனஸ் 29. அதற்குக் கீழே போகப் போக, வளையாமல் கண்ணாடி மாதிரி உடையும் ஆபத்து அதிகம். 9 சதவீத நிக்கல் ஸ்டீல் மைனஸ் 196 வரை தாங்கும். பெரிய எல்.என்.ஜி டேங்குகளின் உள்சுவர் வழக்கமாக இதில்தான் செய்யப்படும். அந்தத் தகடுகளை வெல்டிங் செய்ய நிக்கல் அலாய் கம்பி பயன்படுகிறது.

இந்தப் பாடம் சும்மா கிடைக்கவில்லை. 1944 அக்டோபர் 20-ல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் எல்.என்.ஜி டேங்க் உடைந்து தீப்பிடித்ததில் சுமார் 130 பேர் இறந்தனர். அந்த டேங்க் 3.5 சதவீத நிக்கல் ஸ்டீலில் செய்யப்பட்டது.

சூட்டில் எப்படி?

சுமார் 425 டிகிரிக்கு மேல் நீண்டகாலம் இருந்தால் கார்பன் ஸ்டீல் பலமிழக்கும். பல நிக்கல் அலாய்கள் 700 டிகிரியைத் தாண்டியும் நிற்கும்.

அப்போ எல்லாத்துக்கும் நிக்கலே போடலாமே?

விலை பல மடங்கு அதிகம். தேவையும் இல்லை. உதாரணமாக, திரவ அமோனியாவின் கொதிநிலை மைனஸ் 33. சுமார் மைனஸ் 45 வரை தாங்கும் குளிர் ரக கார்பன் ஸ்டீலே அதற்குப் போதும்.

நல்ல உலோகம் மட்டும் பாதுகாப்பு தராது என்பதையும் எண்ணூர் பார்த்திருக்கிறது. 2023 டிசம்பர் 26 இரவு, பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயில் அமோனியா கசிந்து பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். மிக்ஜாம் புயலில் குழாயைச் சுற்றியிருந்த கற்கள் நகர்ந்து சேதப்படுத்தியிருக்கலாம் என்று ஆய்வுக் குழு தெரிவித்தது.

என்ன கேட்க வேண்டும்?

உங்கள் பகுதியில் புதிய குழாய்க்கான கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தால், "எந்த உலோகம்?" என்பதோடு நிறுத்த வேண்டாம். உள்ளே என்ன போகும், எத்தனை டிகிரியில், குழாயின் தடிமனை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை அளப்பீர்கள், புயலுக்குப் பிறகு யார் சோதிப்பார்கள் என்பதையும் கேளுங்கள்.