கந்தளாய்க் குளம் உடைந்து நாற்பது வருடம்

கொஞ்சம் நீளமான பதிவு. கந்தளாய்க்காரர்கள் கடைசிவரை வாசியுங்கள்.

1986 ஏப்ரல் 20, ஞாயிற்றுக்கிழமை. அதிகாலை 3 மணியளவில் கந்தளாய்க் குளத்தின் கட்டு உடைந்தது. ஊர் ஆழ்ந்த தூக்கத்தில் இருந்த நேரம். 120 பேருக்கு மேல் இறந்தார்கள்; 180 வரை என்று சொல்லும் கணக்கும் உண்டு. 1,600க்கும் மேற்பட்ட வீடுகள் அழிந்தன. 2,000 ஏக்கர் வயல் போனது. 8,000க்கும் மேற்பட்ட குடும்பங்கள் பாதிக்கப்பட்டன. எங்களைப் போல முப்பதுகளில் இருப்பவர்களுக்கு இது பெரியவர்கள் வாயால் கேட்ட கதை. எங்கள் பிள்ளைகளுக்கோ அந்தக் கதையும் இல்லை.

குளத்தின் பழம்பெருமை எங்கள் எல்லோருக்கும் தெரியும். குளக்கோட்டன் கட்டியது என்கிறது கோணேசர் கல்வெட்டு. இரண்டாம் அக்கபோதி கட்டியது என்று சிங்கள வரலாற்று நூல்கள் சொல்கின்றன. ஏறத்தாழ 14,000 அடி நீளமும் 50 அடி உயரமும் உள்ள மண் கட்டு அது. யார் கட்டினார்கள் என்று இன்றைக்கும் வாதாடுகிறோம். எப்படி உடைந்தது, உடைந்த பிறகு சனங்களை யார் காப்பாற்றினார்கள் என்பதைப் பற்றிப் பேசுவது குறைவு.

கட்டுக்கு மேலால் மிகப் பாரமான வாகனங்கள் ஓடியது ஒரு காரணம் என்று அப்போது சொல்லப்பட்டது. பொதுவாக மண் கட்டு ஒன்று உடையப் போகிறதென்றால் பல நேரங்களில் அடையாளம் காட்டும். கட்டின் அடிப்பக்கத்தில் புதிதாக ஊற்று வரும். கசியும் தண்ணீர் தெளிவாக இருக்கும் வரை ஆபத்துக் குறைவு. அது கலங்கி வரத் தொடங்கினால் உள்ளே மண்ணை அரித்துக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். கட்டின் மேல் வெடிப்பு, ஓரிடத்தில் மண் இறங்குவது, இவையும் அடையாளங்கள். இவற்றைக் கண்டுபிடிக்கப் பொறியியலாளராக இருக்கத் தேவையில்லை. மாடு மேய்க்கப் போகிறவரும் குளத்தில் மீன் பிடிக்கிறவரும் காணலாம். கண்டதை யாரிடம் சொல்ல வேண்டும், சொன்ன பிறகு ஊரை யார் எழுப்ப வேண்டும் என்பதுதான் முன்கூட்டியே தீர்மானமாகி இருக்க வேண்டும்.

இன்னொரு ஊரின் கதையும் சொல்ல வேண்டும். கந்தளாய்க்கு ஏழு மாதம் முந்தி, 1985 செப்டெம்பர் 19 அன்று மெக்சிகோ நகரில் பெரும் பூகம்பம் வந்தது. இடிபாடுகளுக்குள் முதலில் நுழைந்தவர்கள் அக்கம்பக்கத்துச் சனங்கள். பயிற்சி இல்லாத அந்தத் தொண்டர்கள் சுமார் 800 பேரை உயிரோடு மீட்டார்கள் என்றும், அந்த முயற்சியில் அவர்களில் சுமார் 100 பேர் இறந்தார்கள் என்றும் மீட்புப் பயிற்சிக் கையேடுகள் எழுதுகின்றன. தைரியம் மட்டும் இருந்து முறை தெரியாவிட்டால் எட்டுப் பேரைக் காப்பாற்ற ஒருவரைப் பறிகொடுக்க வேண்டி வரும். இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் லொஸ் ஏஞ்சலிஸ் தீயணைப்புப் பிரிவு சாதாரண மக்களுக்கு மீட்புப் பயிற்சி கொடுக்கும் திட்டத்தை உருவாக்கியது. பல நாடுகள் அதைப் பின்பற்றின.

எங்கள் நாட்டில் சுனாமி வந்த பிறகுதான், 2005 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்தது. அனர்த்த முகாமைத்துவ நிலையம் உருவானது. இன்று 117க்கு அழைக்கலாம். 2016 இல் 1990 சுவசெரிய அம்பியூலன்ஸ் தொடங்கியது. கடற்படையிலும் இராணுவத்திலும் மீட்புக்கென்று பயிற்சி பெற்ற குழுக்கள் இருக்கின்றன. 1986 இல் இந்த இலக்கங்கள் ஒன்றும் இல்லை.

வித்தியாசத்தைக் கடந்த நவம்பரில் கண்டோம். டித்வா புயலில் எங்கள் மாவட்டத்தின் மாவிலாறு கட்டு உடைந்தபோது மூதூர், சேருவில, வெருகல் பக்கத்து மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். கலா ஓயாவில் வெள்ளத்தில் சிக்கிய பஸ்ஸில் இருந்த 60க்கும் மேற்பட்டவர்களைக் கடற்படையினர் மீட்டார்கள். ஆனால் அந்தப் பயணிகள் மணிக்கணக்காகக் காத்திருக்க வேண்டி வந்தது. எவ்வளவு நல்ல குழுவானாலும் வந்து சேர நேரம் எடுக்கும். அதுவரை ஊர்தான் சமாளிக்க வேண்டும்.

ஊர் எதைப் படிக்க வேண்டும்? வெள்ள மீட்பில் உலகம் முழுக்கச் சொல்லிக் கொடுக்கும் ஒழுங்கு ஒன்று உண்டு. முதலில் கரையில் நின்று கம்பு நீட்டு. எட்டாவிட்டால் கயிறு எறி. அதுவும் முடியாவிட்டால் படகு. தண்ணீரில் இறங்குவது கடைசி, அதுவும் பயிற்சி பெற்றவர் மட்டும். ஐந்து லீட்டர் பிளாஸ்டிக் கானுக்குள் கொஞ்சம் தண்ணீர் விட்டு, மூடி, கயிறு கட்டினால் எறிகயிறு தயார். கயிற்றை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு இறங்கக் கூடாது. ஓடும் தண்ணீர் கட்டியவரையே உள்ளே அமுக்கிவிடும். முழங்காலுக்குக் கீழான ஓட்டமே வளர்ந்த ஆளைச் சாய்க்கும், இரண்டடி வெள்ளம் காரைத் தூக்கிக்கொண்டு போகும். ஒரு பாடவேளைக்குள் சொல்லி, இன்னொரு பாடவேளையில் மைதானத்தில் செய்து காட்டக்கூடிய விஷயங்கள் இவை.

ஆசிரியப் பயிற்சியில் பாடத்திட்டம் எழுதவும் கரும்பலகையைப் பிரிக்கவும் படித்தோம். முந்நூறு பிள்ளைகளை எண்ணி மேட்டுக்குக் கூட்டிப் போவது எப்படி என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அதை இனி நாங்களே கேட்டுப் படிக்க வேண்டும். பிரதேச செயலகத்திலும் மாவட்ட அனர்த்த முகாமைத்துவப் பிரிவிலும் கேட்கலாம். பள்ளிவாசல் ஒலிபெருக்கி, விகாரை, கோயில் மணி மூன்றுக்கும் ஒரே அபாய அடையாளம் வைத்துக்கொள்ளலாம். தண்ணீர் வந்தால் எல்லோர் வாசலுக்கும்தான் வரும்.

ஒரு வேண்டுகோள். அந்த இரவைக் கண்டவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் இன்றே பக்கத்தில் இருந்து கேளுங்கள். தண்ணீர் எந்தப் பக்கத்தால் முதலில் வந்தது? சுவரில் எவ்வளவு உயரம் நின்றது? எந்த மேட்டில், எந்த மரத்தில் ஏறித் தப்பினார்கள்? எந்தப் பாதை முதலில் அறுந்தது? எழுதி அனுப்புங்கள். சிங்களத்தில் சொன்னால் அப்படியே அனுப்புங்கள், மொழிபெயர்த்துக்கொள்வோம். பிள்ளைகளோடு சேர்ந்து அந்த இரவின் வரைபடத்தைக் கீறப் போகிறோம். எங்கே ஓடினால் உயிர் தப்பலாம் என்று இந்த ஊருக்குக் காட்ட அதைவிட நல்ல படம் கிடையாது. அந்தப் பெரியவர்களுக்கு வயது போய்க்கொண்டிருக்கிறது. தாமதிக்க வேண்டாம்.