கேள்வியாக மாறிய கருத்துரு: ரசிகர்கள் படைத்த போக்கிமான்களின் வடிவமைப்பு வரலாறு

2007ஆம் ஆண்டின் பிற்பகுதியில், ஸ்மோகன் என்னும் இணையச் சமூகத்தைச் சேர்ந்த போக்கிமான் போட்டி ஆட்டக்காரர்கள் ஒரு கூட்டு முயற்சியில் இறங்கினார்கள். போக்கிமான் விளையாட்டுகளை உருவாக்கும் கேம் ஃப்ரீக் நிறுவனம் வெளியிடாத ஒரு புதிய உயிரினத்தைத் தாங்களே விவாதித்து, வாக்களித்து, உருவாக்கி, களத்தில் இறக்கிப் பார்ப்பதே அந்த முயற்சி. 'கிரியேட்-எ-போக்கிமான்' என்றும் சுருக்கமாக 'கேப்' என்றும் அழைக்கப்படும் இத்திட்டம் இன்றுவரை தொடர்கிறது. இப்போது ஓர் உயிரினத்தின் உருவாக்கம் கருத்துருத் தேர்வில்தான் தொடங்குகிறது. இது எதற்காகப் பிறக்க வேண்டும் என்பதை முடிவு செய்த பிறகே, அது நெருப்பு வகையா நீர் வகையா என்ற பேச்சு எழுகிறது. தொடக்கத்தில் இந்தப் படி இருக்கவில்லை. அது எப்படி வந்தது, வந்தபின் எவ்வாறு மாறியது என்பதே இக்கட்டுரையின் பொருள். கருத்துரு ஒரு விருப்பமாக இருந்தவரை இத்திட்டம் ரசிகர்களின் படைப்பாக மட்டும் இருந்தது. கருத்துரு ஒரு கேள்வியாக மாறியபோதுதான் அது ஆட்டத்தைப் பற்றிய ஆய்வாயிற்று என்பது என் முடிபு.

ரசிகர்கள் சொந்தமாகப் போக்கிமான் வரைவது இதற்கு வெகுகாலம் முன்பே உண்டு. வரைந்ததை ஆடிப் பார்க்க வழியில்லாமல் இருந்தது. ஷாடி பேட்டில் என்ற கணினிச் சிமுலேட்டர் அந்த வழியைத் திறந்தது. கையடக்கக் கருவியும் அசல் விளையாட்டும் இல்லாமலே இருவர் இணையத்தில் மோத முடிந்தது. நிரலில் புதிய உயிரினங்களைச் சேர்க்கவும் முடிந்தது. காலமும் பொருந்தி வந்தது. 2006 செப்டம்பர் 28 அன்று ஜப்பானில் வெளியான டைமண்ட், பேர்ல் விளையாட்டுகள் போட்டி ஆட்டத்தைத் தலைகீழாக மாற்றியிருந்தன. அதுவரை ஒரு தாக்குதல் உடல்வலிமை சார்ந்ததா, சிறப்பாற்றல் சார்ந்ததா என்பதை அதன் வகை தீர்மானித்தது. இவ்விளையாட்டுகளோடு தொடங்கிய நான்காம் தலைமுறையில் ஒவ்வொரு மூவுக்கும், அதாவது போக்கிமான் களத்தில் செய்யும் ஒவ்வொரு செயலுக்கும், அது தனித்தனியாக வகுக்கப்பட்டது. ஸ்டெல்த் ராக் என்ற மூவும் அப்போதுதான் வந்தது. எதிரணிப் பக்கம் கூரிய கற்களை மிதக்கவிட்டுவிட்டால், அங்கே களமிறங்கும் ஒவ்வொன்றும் பாறை வகைக்கு எவ்வளவு பலவீனமோ அவ்வளவு உயிரை இழக்கும். பழைய கணக்குகள் செல்லாமற்போன அந்த நாட்களில், ஆட்டக்காரர்களிடம் விடையைவிடக் கேள்விகளே மிகுதியாக இருந்தன.

முதல் படைப்பான சைக்லண்ட் பனியும் பூச்சியும் கலந்த வகை. பாறைக்கும் நெருப்புக்கும் நான்கு மடங்கு பலவீனம். ஸ்டெல்த் ராக் விரித்த களத்தில் சும்மா நுழைந்தாலே பாதி உயிர் போய்விடும். இதைச் சரிக்கட்ட மவுண்டனியர் என்ற புதிய தனித்திறன் ஒன்று உருவாக்கப்பட்டது: களமிறங்கும் வேளையில் ஸ்டெல்த் ராக்கும் பாறைத் தாக்குதல்களும் அதைத் தொடா. சைக்லண்டின் வரலாற்றில் எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுவது இந்த இடம்தான். முன்னால் எடுத்த முடிவு ஓர் ஓட்டையை விட்டுச் செல்கிறது. பின்னால் வரும் முடிவு அதை அடைக்கிறது. இந்த உயிரினம் எதைச் செய்ய வேண்டும் என்று யாரும் முதலில் வரையறுக்காததால், அதன் வலிமையைக் கூட்டுவதே ஒவ்வொரு படியிலும் நியாயமாகத் தெரிந்தது. அடுத்து வந்த ரெவனான்க், பைரோக் இரண்டும் இதே பாதையில் பிறந்தவை. களத்தில் அவை நன்றாகவே ஆடின. ஆனால் அவற்றின் வெற்றியிலிருந்து ஆட்டத்தைப் பற்றி என்ன கற்றோம் என்று கேட்டால் சொல்வதற்கு அதிகமில்லை.

நான்காவதான ஃபிட்ஜிட்டுடன் நிலைமை மாறுகிறது. தாக்குவதற்கன்றி, அணிக்குத் துணை செய்வதற்கென்றே ஒரு போக்கிமான் என்பது அதன் கருத்துரு. டெயில்விண்ட், டிரிக் ரூம் போன்று களம் முழுவதையும் பாதிக்கும் மூவ்களின் ஆயுளைக் கூடுதலாக இரண்டு சுற்று நீட்டிக்கும் தனித்திறன் அதற்குக் கிடைத்தது. திறன் இங்கே நோக்கத்திலிருந்து பிறந்தது. சைக்லண்டில் நடந்ததற்கு நேர்மாறு. அடுத்து வந்த ஸ்டிராட்டஜெம், ஒரு வகையின் வழக்கமான அச்சை உடைக்க வேண்டும் என்ற கருத்துருவில் உருவானது. பாறை வகை என்றாலே மெதுவானது, உடல்வலிமையால் மோதுவது என்ற எண்ணம் ஊறியிருந்த களத்தில், மிக வேகமாகச் சிறப்பாற்றலால் தாக்கும் ஒரு தனிப் பாறை வகையாக அது வந்து நின்றது.

இக்காலக் கருத்துருக்கள் பெரும்பாலும் பதவிப் பெயர்களாகவே இருந்தன: துணையாளர், ஒற்றர், தடுப்பாளர். உளவுக்கென வடிவமைத்த கிட்சுனோவுக்கு எதிராளி ஏந்தியிருக்கும் பொருளைக் கண்டறியும் ஃபிரிஸ்க் திறன் தரப்பட்டது. ஆர்கொனாட்டின் கருத்துரு இன்னும் துணிச்சலானது: சில உயிரினங்களே களத்தை ஆள்வதைக் குறைக்கும் ஒன்றைப் படைப்பது. எதிரி தன் வலிமையை எத்தனை முறை பெருக்கிக்கொண்டாலும் பொருட்படுத்தாத அன்அவேர் திறன் அதற்குக் கிடைத்தது. இந்தக் கருத்துருவுக்குள் ஒரு முரண் ஒளிந்திருக்கிறது. வலியவர்களையெல்லாம் தடுக்கும் ஒருவன் எல்லா அணிக்கும் தேவைப்படுவான். தேவைப்படுபவன் தானே மையமாகிவிடுவான். ஒரு நோக்கம் எவ்வளவு நன்றாக நிறைவேறுகிறதோ அவ்வளவுக்குத் தன்னையே தோற்கடிக்கும் என்பதை வாக்களிக்கும்போது காண்பது கடினம். ஆடிப் பார்க்கும்போதுதான் அது வெளிப்படும்.

கொலசாயிலை நான் அக்கால முயற்சிகளில் முதிர்ந்ததாகக் கருதுகிறேன். நேரடித் தாக்குதலால் அல்லாமல், விரித்து வைத்த பொறிகளாலும் விஷம், தீக்காயம் போன்ற நிலைகளாலும் கசியும் உயிரிழப்பைத் தடுப்பது அதன் நோக்கம். நிலமும் இருளும் கலந்த அதற்குப் பொறிகளை அகற்றும் ரேபிட் ஸ்பின் தரப்பட்டது. ஆவி வகையினர் குறுக்கே வந்தால் ரேபிட் ஸ்பின் பலிக்காது. அதனால் அவர்களை விரட்டியடிக்கும் பர்சூட்டும் சேர்ந்தது. களமிறங்கும் சுற்றில் தன் மேல் ஏவப்படும் தீங்கான நிலை மூவ்களை ஏவியவருக்கே திருப்பும் ரிபவுண்ட் என்ற புதிய திறனும் உருவாக்கப்பட்டது. வகை, திறன், மூவ் என மூன்றும் ஒரே சிக்கலைச் சுற்றிக் கோக்கப்பட்டிருப்பதைக் காணலாம். ஒவ்வொரு முடிவுக்கும் ஏன் என்று கேட்டால், பதில் கருத்துருவிலேயே கிடைக்கிறது.

வூடூமின் கதை வேறு. வேறொரு போக்கிமானுக்குச் சரியான இணையைப் படைப்பது என்பது அதன் கருத்துரு; இணையாகத் தேர்ந்தது டோகெகிஸ். அப்போது சாதாரணம், பறத்தல் என்ற இரு வகையாக இருந்த டோகெகிஸுக்கு மின்சாரம், பனி, பாறை ஆகிய மூன்றும் பகை. சண்டையும் இருளும் கலந்த வூடூம் பாறையைத் தாங்கும். வோல்ட் அப்சார்ப் திறனால் மின்சாரத்தை உறிஞ்சி உயிர் பெறும். காகிதத்தில் அழகான பொருத்தம். ஆனால் 2013இல் வந்த ஆறாம் தலைமுறை ஃபேரி என்ற பதினெட்டாவது வகையைச் சேர்த்து, டோகெகிஸையே ஃபேரியாக மாற்றிவிட்டது. சண்டை, இருள் இரண்டுக்குமே ஃபேரி பகை என்பதால் வூடூமுக்கு நான்கு மடங்கு பலவீனம் புதிதாக முளைத்தது. ஒரே ஓர் உயிரினத்தின் நிலைமேல் கட்டிய கருத்துரு, அந்த நிலை பெயர்ந்ததும் தானும் பெயர்ந்தது. இணை என்றால் என்ன, எதனால் இரு போக்கிமான்கள் ஒன்றையொன்று வலுப்படுத்துகின்றன என்ற பொதுக் கேள்வி, டோகெகிஸ் என்ற தனிப் பெயருக்குள் சுருங்கிப்போனதை இதன் குறையாக நான் காண்கிறேன்.

ஐந்தாம் தலைமுறையில் கருத்துரு வெளிப்படையாகவே கேள்வி வடிவம் கொண்டது. நெக்டர்னாவை எடுத்துக்கொள்வோம். ஸ்கெட்ச் என்ற மூவால் ஏறக்குறைய எந்த மூவையும் கற்கலாம். அது அதிகாரப்பூர்வ விளையாட்டில் மிகப் பலவீனமான ஸ்மியர்கிளுக்கு மட்டுமே உரியது. நல்ல ஸ்டாட்கள் (தாக்கு, காப்பு, வேகம் போன்றவற்றின் எண்கள்) கொண்ட ஒன்றின் கையில் அது கிடைத்தால் என்ன ஆகும்? முழுச் சுதந்திரம் கொடுத்தால் களம் குலையும் என்பதால், நெக்டர்னா ஒரே ஒரு மூவை மட்டும் அவ்வாறு எடுத்துக்கொள்ளலாம் என்று வரம்பு வைத்தார்கள். அந்த ஒரு கட்டுப்பாடே சோதனையைச் சோதனையாக்கியது.

மொலக்ஸ் இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு. எல்லோரும் மோசம் என்று ஒதுக்கும் ஒரு வகைச் சேர்க்கையைக் களத்தில் வெற்றிபெற வைக்க முடியுமா என்பது அதன் கேள்வி. தேர்ந்தது நெருப்பும் விஷமும். நிலத்துக்கு நான்கு மடங்கு பலவீனம். நீர், பாறை, மனோசக்தி மூன்றுக்கும் இரு மடங்கு. அதுவோ பாலிடோட் களமிறங்கியதும் மழை கொட்டும் காலம். மழையில் நீர்த் தாக்குதல் ஓங்கும், நெருப்பு பாதியாகும். இப்படிப்பட்ட சூழலில் மொலக்ஸுக்குக் கொடுத்த டிரை ஸ்கின் திறன், நீர்த் தாக்குதலை உயிராக மாற்றியதோடு மழையிலும் சுற்றுக்குச் சுற்று உயிரூட்டியது. வகையின் பலவீனங்கள் எல்லாவற்றையும் அது துடைத்துவிடவில்லை. நிலத் தாக்குதல் அப்படியே நின்றது. ஆனால் புல், பூச்சி தாக்குதல்களைக் கால்வாசியாகத் தாங்குவதும், தரையில் விரித்த விஷ முட்களை வந்திறங்கியதுமே விழுங்கிவிடுவதும் இந்த வகைக்குள் முன்பே உறங்கிய வலிமைகள் என்று தெரிந்தது. அப்போது இதே சேர்க்கையில் அதிகாரப்பூர்வ உயிரினம் ஒன்றும் இல்லை. 2016இல் வந்த சன், மூன் விளையாட்டுகளில்தான் சலாண்டிட்டும் சலாசிலும் வந்தன. ஒரு வகைச் சேர்க்கையின் தரம் தன்னளவில் நிலையானதல்ல, சுற்றுச்சூழலோடும் திறனோடும் சேர்ந்தே அளக்கப்பட வேண்டும் என்ற பாடத்தை மொலக்ஸ் கற்றுத் தந்தது.

ஆரமாத் எதிர்ப்பக்கம் நிற்கிறது. அபாயத்தை ஏற்று ஆடுவதே அதன் கருத்துரு. அடி விழுந்தால் காப்பு குறைந்து வேகம் கூடும் வீக் ஆர்மர் திறன் அதற்குப் பொருந்தியது. ஆனால் ஆறு ஸ்டாட்களின் கூட்டுத்தொகை 600 ஆனது. குவிவர் டான்ஸ், டெயில் குளோ போன்ற வலிமைபெருக்கும் மூவ்களும் சேர்ந்தன. பலன் அவ்வளவு பெரிதானபோது அபாயம் விலையாகவே தோன்றவில்லை. நல்ல கேள்வியும் பின்வரும் படிகளில் கைநழுவலாம் என்பதற்கு இது சான்று.

இந்த அனுபவங்களிலிருந்தே இன்றைய விதிமுறை உருப்பெற்றது. முன்மொழிபவர் பெயர், விளக்கம், நியாயம், விடைகாண வேண்டிய கேள்விகள் ஆகிய நான்கையும் எழுதித் தர வேண்டும். நியாயம் மூன்று நெறிகளுள் ஒன்றில் அடங்க வேண்டும்: கற்பனைக் கூறு ஒன்றை மெய்யாக்கிப் பார்ப்பது, களத்தில் ஒரு பணியை நிரப்புவது, களத்தின் குறிப்பிட்ட அம்சம் ஒன்றைக் குறிவைப்பது. உயிரினத்தின் வகையை முன்கூட்டியே கட்டிப்போட முடியாது, ஓவியமும் கூடாது. வந்தவற்றை வழிநடத்துவோர் வடிகட்டிப் பட்டியலிட, சமூகம் வாக்களிக்கிறது. வென்ற கருத்துருவை உடனே வகைத் தேர்வுக்கு அனுப்பாமல், அதன் கேள்விகளை அலசுவதற்கென்றே தனிக் கட்டம் ஒதுக்கியிருக்கிறார்கள். இந்தக் கட்டத்தை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். 18 வகைகளில் ஒற்றையும் இரட்டையுமாக 171 சேர்க்கைகள் சாத்தியம். கேள்வியைக் கூர்மையாக்காமல் அவற்றுள் ஒன்றைத் தேர்வது வெறும் ரசனைப் போட்டியாகவே முடியும்.

பிற்காலத்தில் இலக்குக் களமும் மாறியது. முதலில் புதிய உயிரினம் அதிகாரப்பூர்வ போக்கிமான்களின் களத்துக்காகவே வடிவமைக்கப்பட்டது. பிறகு, முந்தைய படைப்புகள் எல்லாம் ஒன்றாக உலவும் தனிக் களம் போக்கிமான் ஷோடவுன் சிமுலேட்டரில் நிலைபெற்று, புதியவை அந்தக் களத்துக்கெனவே படைக்கப்பட்டன. ஏழாம் தலைமுறையில் ஒரே முயற்சியில் மூன்று உயிரினங்கள் பிறந்தன: புல்லும் ஆவியுமான காரிபோல்ட், நெருப்பும் நிலமுமான ஸ்மோகோமோடோ, நீரும் பூச்சியுமான ஸ்நேல்ஸ்ட்ரோம். அசல் விளையாட்டின் தொடக்கத்தில் ஆட்டக்காரர் முன் வைக்கப்படும் புல், நெருப்பு, நீர் என்ற மூவரின் மரபையே சட்டகமாக ஏற்றுக்கொண்டதால், வகையைக் கட்டிப்போடக் கூடாது என்ற பழைய விதி இங்கே பாதி தளர்ந்தது. முதல் வகை முன்பே நிலைத்துவிட்டது, இரண்டாம் வகை மட்டுமே விவாதத்துக்கு எஞ்சியது. மூன்றும் ஒன்றையொன்று விஞ்சாமலும் ஒரே பணியைப் பகிராமலும் இருக்க வேண்டியிருந்ததால், ஒன்றுக்கு எடுத்த முடிவை மற்ற இரண்டின் முன்னும் நிறுத்திப் பார்த்த பிறகே உறுதிசெய்ய வேண்டியதாயிற்று.